உமிழ்நீரும் பன்றியின் நலமும்: ஓர் ஆய்வு முறையின் வரலாறு

பன்றியின் உமிழ்நீரைச் சேகரித்து, அதிலுள்ள இயக்குநீர்கள் (ஹார்மோன்கள்), புரதங்கள், நோய்க்கிருமிகள், எதிர்ப்பொருள்கள் ஆகியவற்றை அளந்து, அவ்விலங்கின் உடல்நலத்தையும் வாழ்நிலையையும் மதிப்பிடுவது இன்று கால்நடை அறிவியலில் நிலைபெற்றுவிட்ட ஒரு முறையாகும். இதற்கு ஊசி தேவையில்லை. விலங்கைக் கட்டிப் பிடிக்கவும் தேவையில்லை. பன்றி தானாக வந்து மெல்லும் பஞ்சிலிருந்தோ கயிற்றிலிருந்தோ மாதிரி கிடைத்துவிடுகிறது. 1980களின் இறுதியில் சில ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்பட்ட இம்முறை, அடுத்த இருபது ஆண்டுகளில் பெரும் பண்ணைகளின் அன்றாட நோய்க் கண்காணிப்புக்குள் நுழைந்தது.

இம்முறையின் வரலாற்றில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பன்றிக்கு நோய் இருக்கிறதா என்பது ஒன்று. பன்றி நன்றாக வாழ்கிறதா என்பது மற்றொன்று. நலத்தை அளப்பதற்காகத் தொடங்கிய முறை, நோயைக் கண்டறிவதில்தான் விரைவாக வெற்றி பெற்றது. நலம் பற்றிய கேள்விக்கு அது தரும் விடை இன்றும் கவனமாகப் படிக்கப்பட வேண்டியதாகவே உள்ளது. இவ்வேறுபாடு ஏன் வந்தது என்பதை அறிய, இம்முறை வளர்ந்த வழியைப் பார்க்க வேண்டும்.

இரத்தம் எடுப்பதில் இருந்த சிக்கல்

மாடு, ஆடு, குதிரை ஆகியவற்றின் கழுத்துச் சிரையை விரலால் அழுத்தினால் அது புடைத்துத் தெரியும். பன்றியிடம் அவ்வாறு தெரியாது. அதன் கழுத்து குட்டையானது. தோலுக்கு அடியில் கொழுப்பு தடித்திருக்கும். மேலே தெரியும் சிரைகள் காது மடலில் உள்ளவையே, அவையும் சிறியவை. ஆகவே மார்பெலும்புக்கு முன்னுள்ள பள்ளத்தில் நீண்ட ஊசியை ஆழமாகச் செலுத்தி, உள்ளே ஓடும் பெருஞ்சிரையிலிருந்து இரத்தம் எடுப்பார்கள். சிறு குட்டிகளை மல்லாத்திப் பிடித்து எடுக்கலாம். வளர்ந்த பன்றியாயின் மேல்தாடையில் சுருக்குக் கம்பி மாட்டி ஒருவர் இழுத்துப் பிடிக்க, மற்றொருவர் ஊசி போட வேண்டும். பன்றி பின்னோக்கி இழுத்தபடி அலறும். அந்தக் கொட்டிலில் உள்ள மற்றப் பன்றிகளும் அதைக் கேட்கும்.

நோய்க்கிருமியைத் தேடுபவருக்கு இது தொல்லை மட்டுமே. பன்றி அலறினாலும் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளின் அளவு மாறிவிடாது. ஆனால் பன்றியின் பதற்றத்தை அளக்க விரும்புபவருக்கு இது அடிப்படைச் சிக்கலாகும். பிடிக்கப்பட்ட சில நிமிடங்களிலேயே பன்றியின் உடலில் கார்ட்டிசோல் என்ற இயக்குநீர் உயரத் தொடங்கும். அப்போது கிடைக்கும் அளவு, அப்பன்றி வாழும் கொட்டிலால் வந்ததா, பிடித்த கைகளால் வந்ததா என்று பிரித்தறிவது கடினம். முன்கூட்டியே அறுவை செய்து சிரைக்குள் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, பிறகு பன்றியைத் தொடாமலே இரத்தம் எடுப்பது ஒரு மாற்று வழி. ஆய்வுக்கூடத்தில் சில பன்றிகளுக்கு இது இயலும். ஆயிரம் பன்றிகள் உள்ள பண்ணையில் இயலாது.

முதலில் அறியப்பட்டது ஒரு மணம்

பன்றியின் உமிழ்நீர் வேதியியலாளரின் கவனத்துக்கு வந்தது நலம் பற்றிய ஆய்வால் அன்று, ஒரு மணத்தால். 1944இல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் விளாடிமிர் பிரலாக், லியோபோல்ட் ருசிக்கா ஆகிய இருவரும் பன்றியின் விதைப்பையிலிருந்து கஸ்தூரி போன்ற மணமுள்ள ஸ்டீராய்டுகளைப் பிரித்தெடுத்தனர். 1968இல் பிரிட்டனில் ஆர். எல். எஸ். பேட்டர்சன், ஆண் பன்றியின் இறைச்சியைச் சமைக்கும்போது எழும் விரும்பத்தகாத வாடைக்கு ஆண்ட்ரோஸ்டீனோன் என்ற பொருள் காரணம் எனக் காட்டினார். அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு பொருளை ஆண் பன்றியின் கீழ்த்தாடை உமிழ்நீர்ச் சுரப்பியில் அவர் கண்டறிந்தார்.

ஆண் பன்றி பெண் பன்றியை அணுகும்போது வாயை மென்று நுரை தள்ளும். அந்த நுரையிலுள்ள இப்பொருள்களை முகர்ந்தால், சினைப்பருவத்தில் உள்ள பெண் பன்றி அசையாமல் நிற்கும். இந்த அறிவு பின்னர் பண்ணைக்கும் வந்தது. செயற்கைக் கருவூட்டலுக்கு ஏற்ற நேரத்தை அறிய, இப்பொருளைத் தெளிப்பானில் அடைத்துப் பயன்படுத்தினர். உடலின் உள்நிலையைச் சொல்லும் ஸ்டீராய்டுகள் உமிழ்நீரிலும் இருக்கும் என்பது இவ்வாறு வேறொரு பாதையில் பன்றியிடம் உறுதியாயிற்று. கார்ட்டிசோலும் ஒரு ஸ்டீராய்டுதான்.

நலம் ஓர் அறிவியல் கேள்வியாதல்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பன்றி வளர்ப்பு வேகமாக மாறியது. வைக்கோல் பரப்பிய கொட்டில்களுக்குப் பதிலாகக் கான்கிரீட் தரையும், கழிவு கீழே விழும்படி இடைவெளி விட்ட தரையும் வந்தன. சினைப் பன்றிகள் திரும்பக்கூட முடியாத தனிக் கூண்டுகளில் அடைக்கப்பட்டன. 1964இல் ரூத் ஹாரிசன் எழுதிய ‘அனிமல் மெஷின்ஸ்’ என்ற நூல் இந்நிலையைப் பிரிட்டன் மக்களின் பார்வைக்குக் கொண்டுவந்தது. அதன் விளைவாக அரசு அமைத்த பிராம்பெல் குழு 1965இல் அறிக்கை தந்தது. ஒரு விலங்கு எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், தன் உடலைத் தூய்மை செய்துகொள்ளவும், கால்களை நீட்டவும் இயல வேண்டும் என்று அக்குழு கூறியது. 1979இல் அமைக்கப்பட்ட பண்ணை விலங்கு நல மன்றம் இக்கருத்தை விரித்து, ‘ஐந்து விடுதலைகள்’ என்ற வடிவத்தைக் கொடுத்தது. பசி, தாகத்திலிருந்து விடுதலை, வலி, நோயிலிருந்து விடுதலை என்பவற்றோடு, அச்சத்திலிருந்தும் துயரத்திலிருந்தும் விடுதலை என்பதும் அவற்றுள் ஒன்று.

பசியை எடை காட்டும். காயத்தைக் கண் காட்டும். அச்சத்தை எதனால் காட்டுவது? இக்கேள்விக்கு விடையாக ஆய்வாளர்கள் கார்ட்டிசோலை நாடினர். 1936இல் கனடாவின் மாண்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே, வெவ்வேறு தீங்குகளுக்கு ஆளான எலிகளின் உடல் ஒரே மாதிரியான எதிர்வினை காட்டுவதையும், அதில் அட்ரினல் சுரப்பி பெருப்பதையும் விவரித்திருந்தார். மூளையின் ஹைப்போதலாமசும் அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பியும் தூண்ட, அட்ரினல் சுரப்பியின் புறணி கார்ட்டிசோலைச் சுரக்கிறது என்ற அறிவு பின்னர் வளர்ந்தது.

1981இல் ஆஸ்திரேலியாவில் பால் ஹெம்ஸ்வொர்த்தும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. அருகில் வரும்போது தடவிக் கொடுக்கப்பட்ட இளம் பெண் பன்றிகளையும், வெறுப்பூட்டும் முறையில் கையாளப்பட்டவற்றையும் அவர்கள் ஒப்பிட்டனர். இரண்டாம் வகைப் பன்றிகள் மனிதரை அணுகத் தயங்கின; குறைவாக வளர்ந்தன; அவற்றின் இரத்தத்தில் கார்ட்டிசோல் வகைப் பொருள்கள் அதிகமாக இருந்தன. மனிதர் மீதான அச்சம் உடலில் எழுதப்படுகிறது என்பதை இது காட்டியது. அதே வேளையில், அந்த எழுத்தைப் படிக்க மனிதரின் கை பன்றியைப் பிடிக்கத் தேவையில்லாத ஒரு வழி வேண்டும் என்பதையும் உணர்த்தியது.

கார்ட்டிசோல் உமிழ்நீரில் அளக்கப்படுதல்

உமிழ்நீரில் கார்ட்டிசோல் மிகக் குறைவாகவே இருக்கும். இரத்தத்தில் உள்ள கார்ட்டிசோலின் பெரும்பகுதி புரதங்களோடு பிணைந்திருக்கிறது. பிணையாத சிறு பகுதி மட்டுமே உயிரணுக்களுக்குள் புகுந்து செயல்படும். அந்தப் பகுதியே உமிழ்நீர்ச் சுரப்பியின் உயிரணுச் சவ்வைக் கடந்து உமிழ்நீரை அடைகிறது. ஆகவே உமிழ்நீரில் இருப்பது அளவில் சிறிதாயினும், உடலில் உண்மையாகச் செயல்படும் பகுதியின் சாயலாகும். உமிழ்நீர் மிகுதியாகச் சுரந்தாலும் குறைவாகச் சுரந்தாலும் இதன் செறிவு பெரிதும் மாறுவதில்லை என்பதும் ஒரு நன்மை.

இவ்வளவு சிறிய அளவை அளக்கக் கருவி வேண்டியிருந்தது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் ஆகியோர் உருவாக்கிய கதிரியக்க எதிர்ப்பொருள் அளவீட்டு முறை அதைத் தந்தது. இதற்காக யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்கு முன்பே இறந்துவிட்டார். 1982இல் பிரிட்டனின் கார்டிஃப் ஆய்வாளர்கள், மனிதரின் நாளமில்லாச் சுரப்பிகளின் செயலை உமிழ்நீர் ஸ்டீராய்டுகளைக் கொண்டு அறிவது பற்றி விரிவான மீளாய்வை வெளியிட்டனர்.

பன்றிக்கு இம்முறை வந்தது 1989இல். கேம்பிரிட்ஜ் அருகிலுள்ள பாப்ரகாமில் ஆர். எஃப். பாரட்டும் அவருடைய குழுவினரும், அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் இயக்குநீரைப் பன்றிகளுக்குக் கொடுத்து, இரத்தத்திலும் உமிழ்நீரிலும் கார்ட்டிசோலை ஒப்பிட்டனர். அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், வண்டிப் பயணத்தைப் போன்ற அசைவு, தீவனமும் நீரும் நிறுத்தப்படுதல், அறிமுகமில்லாத பன்றிகளை ஒன்றாக அடைத்தல் ஆகிய மூன்று சூழல்களில் உமிழ்நீர் என்ன சொல்கிறது என்று பார்த்தனர். இவை மூன்றும் பண்ணையில் இயல்பாக நிகழ்பவை. 1996இல் கனடாவில் என். ஜே. குக்கும் உடன் ஆய்வாளர்களும் உமிழ்நீர் அளவையும் இரத்தச் சீர அளவையும் மீண்டும் ஒப்பிட்டனர்.

எச்சரிக்கையும் தொடக்கத்திலேயே எழுந்தது. 1989இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், பன்றியிடம் உமிழ்நீர், இரத்தம் இரண்டிலும் கார்ட்டிசோலை அளப்பதற்குள்ள வரம்புகளைத் தனிக் கட்டுரையாகவே எழுதினர்.

நாளின் ஏற்ற இறக்கம் தந்த பாடம்

ஒரே பன்றியிடம் ஒரு நாளில் பலமுறை மாதிரி எடுப்பது உமிழ்நீரால் எளிதாயிற்று. இதன் பயன் 1997இல் தெரிந்தது. நெதர்லாந்தின் ரைஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் வளரும் பன்றிகளின் உமிழ்நீரை இரவு பகலாகச் சேகரித்து, கார்ட்டிசோலின் நாளொழுங்கை வரைந்தனர். காலையில் உயர்ந்து மாலையில் தாழும் ஒழுங்கு அது. வயதும் பாலினமும் அதை மாற்றின.

2000இல் அதே நாட்டில் டி யாங்கும் உடன் ஆய்வாளர்களும் இந்த ஒழுங்கைக் கொண்டு இரு வகைக் கொட்டில்களை ஒப்பிட்டனர். ஒன்று வெறுந்தரை கொண்டது. மற்றொன்று இடம் மிகுந்ததும் வைக்கோல் இடப்பட்டதுமாகும். வெறுந்தரையில் வளர்ந்த பன்றிகளின் கார்ட்டிசோல் எப்போதும் உயர்ந்தே இருக்கும் என்று ஒருவர் எதிர்பார்க்கலாம். கண்டது வேறு. அவற்றின் நாளொழுங்கு மழுங்கியிருந்தது. காலைக்கும் மாலைக்கும் உள்ள வேறுபாடு தேய்ந்திருந்தது. நீண்டகால நெருக்கடிக்கு ஆளான விலங்குகளிடமும், கடும் மனச்சோர்வு கொண்ட மனிதரிடமும் இதைப் போன்ற மழுங்கல் காணப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் சுட்டினர்.

இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒழுங்கு மழுங்கிய பன்றியிடம் காலையில் ஒரே ஒரு மாதிரி எடுத்தால், அதன் கார்ட்டிசோல் தாழ்ந்தே இருக்கக்கூடும். அந்த ஓர் எண்ணை மட்டும் பார்ப்பவர், வைக்கோலில் விளையாடும் பன்றியைவிட வெறுந்தரையில் படுத்திருக்கும் பன்றியே அமைதியாக உள்ளது என்று முடிவு செய்துவிடலாம். மேலும், கார்ட்டிசோல் துன்பத்தில் மட்டும் உயர்வதில்லை. இணைசேரல், தீவன எதிர்பார்ப்பு, ஓடியாடல் ஆகியவற்றிலும் அது உயரும். அது உடல் கிளர்ந்திருப்பதைச் சொல்கிறது. அந்தக் கிளர்ச்சி இன்பமா துன்பமா என்று சொல்வதில்லை.

கயிறு வந்த கதை

நலத்தை அளக்கும் ஆய்வு இவ்வாறு மெதுவாக நகர்ந்துகொண்டிருக்க, நோயைக் கண்டறியும் துறையிலிருந்து இரண்டாவது பாதை திறந்தது. 1980களின் இறுதியில் அமெரிக்கப் பண்ணைகளில் காரணம் தெரியாத ஒரு பன்றி நோய் பரவியது. சினைப் பன்றிகள் கருச்சிதைந்தன. குட்டிகள் இறந்து பிறந்தன. பிழைத்தவை மூச்சுத் திணறின. விரைவில் ஐரோப்பாவிலும் இது தோன்றியது. 1991இல் நெதர்லாந்தின் லெலிஸ்டாட் ஆய்வு நிலையத்தில் இதற்குக் காரணமான வைரஸ் கண்டறியப்பட்டது. இன்று இது பன்றி இனப்பெருக்க, மூச்சுமண்டல நோய்த்தொகை எனவும், சுருக்கமாகப் பி.ஆர்.ஆர்.எஸ். எனவும் வழங்குகிறது. நோயுற்ற பன்றிகளின் உமிழ்நீரில் இந்த வைரஸ் வெளிப்படுவது 1990களிலேயே அறியப்பட்டிருந்தது.

இந்நோயைக் கண்காணிக்க ஒரு கூட்டத்திலிருந்து 30 பன்றிகளின் இரத்தம் எடுப்பது வழக்கம். ஒரு பெரிய கூட்டத்தில் பத்தில் ஒரு பன்றிக்கு நோய் இருந்தால், 30 மாதிரிகளில் ஒன்றாவது நோயைக் காட்டுவதற்கு ஏறத்தாழ 95 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதே அந்த எண்ணுக்குக் காரணம். ஆனால் 30 பன்றிகளைப் பிடிப்பது பலருக்கு அரை நாள் வேலை. ஆகவே மாதந்தோறும் செய்ய வேண்டிய சோதனை, பல பண்ணைகளில் நோய் வெடித்த பிறகே செய்யப்பட்டது.

அமெரிக்காவில் பன்றி வளர்ப்பு மிகுந்த அயோவா மாநிலத்தில், ஏம்ஸ் நகரிலுள்ள அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் பிரிக்கெட், ஜெஃப்ரி சிம்மர்மன் ஆகியோரின் குழு பன்றியின் இயல்பையே இதற்கு விடையாக்கியது. பன்றி எதையும் முகர்ந்து, கடித்து, மென்று அறியும் விலங்கு. கொட்டிலில் ஒரு பருத்திக் கயிற்றைத் தோளுயரத்தில் தொங்கவிட்டால் அவை கூடி வந்து மெல்லும். 20 முதல் 30 நிமிடங்களுக்குப் பின் நனைந்த கயிற்றைப் பைக்குள் வைத்துப் பிழிந்தால் போதும். ஏறத்தாழ 25 பன்றிகள் உள்ள ஓர் அறையின் பொது மாதிரி கிடைத்துவிடும். 2008இல் வெளியான இவர்களுடைய ஆய்வுகள், பி.ஆர்.ஆர்.எஸ். வைரசை இவ்வாறு கண்டறிய முடியும் என்று காட்டின. பி.சி.ஆர். முறை அதற்குள் பரவலாகியிருந்ததால், பலருடைய உமிழ்நீர் கலந்த நீரிலும் சிறிதளவு மரபுப்பொருளைத் தேடிப் பிடிக்க முடிந்தது.

கயிற்றில் சேர்வது தூய உமிழ்நீர் அன்று. ஈறுகளின் இடுக்கிலிருந்து கசியும் நீர், மூக்குச் சளி, தீவனத் துகள், தரையின் அழுக்கு ஆகியவையும் அதில் கலந்திருக்கும். ஆகவே இத்துறையினர் இதனை ‘வாய்நீர்’ என்ற பொருள்படும் சொல்லால் தனித்துக் குறிக்கின்றனர்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2018இல் சீனாவிலும், 2020இல் இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களிலும் பரவியபோது, ஊசியின்றி மாதிரி எடுப்பதன் மதிப்பு மேலும் உயர்ந்தது. அந்நோயுற்ற பன்றியின் இரத்தத்தில் வைரஸ் மிகுந்திருக்கும். சிந்தும் ஒவ்வொரு துளியும் பரவலுக்கு வழியாகலாம்.

புரதங்களின் வருகை

மூன்றாவது பாதை ஸ்பெயினின் முர்சியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. உடலில் அழற்சியோ தொற்றோ ஏற்பட்டால் கல்லீரல் சில புரதங்களை மிகுதியாக உருவாக்கும். அவற்றுள் சி-எதிர்வினைப் புரதம் 1930இல் நியூயார்க்கில் நிமோனியா நோயாளிகளிடம் முதன்முதலாக அறியப்பட்டது. 2009இல் முர்சியாவின் ஏ. எம். குட்டியெரஸ், ஹோசே ஹொவாக்கின் செரோன் உள்ளிட்டோர் இப்புரதத்தைப் பன்றியின் உமிழ்நீரில் அளக்கும் முறையை வெளியிட்டனர். பன்றியின் உடலில் எங்கோ ஏதோ கோளாறு இருக்கிறது என்பதை, எந்தக் கிருமி என்று தெரியும் முன்பே அறிய இது உதவுகிறது.

அதே குழு 2011இல் உமிழ்நீர் ஆல்ஃபா-அமைலேஸ் என்ற நொதியையும் பன்றியிடம் அளந்தது. மாவுப்பொருளைச் செரிக்கும் இந்நொதி, பரிவு நரம்புமண்டலம் தூண்டப்படும்போது உடனே உயரும். கார்ட்டிசோல் உயரப் பல நிமிடங்கள் ஆகும். ஆகவே இரண்டையும் சேர்த்து அளந்தால் திடீர் அதிர்ச்சியையும் தொடரும் நெருக்கடியையும் ஓரளவு பிரித்தறியலாம். 2020 அளவில் ஆக்சிடோசினும் பன்றி உமிழ்நீரில் அளக்கப்பட்டது. துன்பத்தை மட்டுமன்றி, நல்ல உணர்வையும் அளக்க முடியுமா என்ற தேடலின் தொடர்ச்சி இது.

மாதிரி எடுக்கும் முறை

தனிப்பன்றியிடம் மாதிரி எடுக்க, சிறிய பஞ்சுருளையை நூலிலோ இடுக்கியிலோ கட்டி நீட்டுவார்கள். பன்றி ஓரிரு நிமிடம் மென்றதும் பஞ்சு நனைந்துவிடும். அதைக் குழாயில் இட்டு, மையவிலக்குப் பொறியில் சுழற்றி, தெளிந்த நீரைப் பிரித்து உறைநிலையில் வைப்பார்கள். சில பொருள்களைப் பருத்தி ஈர்த்துக்கொள்வதால், அவற்றை அளக்க வேண்டுமாயின் செயற்கை இழைப் பஞ்சைப் பயன்படுத்துவார்கள். தீவனம் தின்ற உடனே எடுத்தால் அளவு மாறும். வாயில் புண் இருந்தால் இரத்தம் கலந்து முடிவைக் கெடுக்கும். எந்த நேரத்தில் எடுத்தோம் என்பதைக் குறிக்காத மாதிரி, கார்ட்டிசோலைப் பொறுத்தவரை ஏறக்குறையப் பயனற்றது.

யாருடைய உமிழ்நீர்?

கயிற்று முறையின் வலிமையே அதன் குறையும் ஆகும். கயிற்றை நோக்கி முதலில் வருபவை துடிப்பான பன்றிகள். காய்ச்சலால் மூலையில் படுத்திருப்பதும், மற்றவற்றுக்கு அஞ்சி ஒதுங்கி நிற்பதும் கயிற்றைத் தொடாமலே போகலாம். நோய்க் கண்காணிப்பில் இதனால் வரும் இழப்பு ஓரளவே. ஏனெனில் அறையில் தொற்று இருக்கிறதா என்பதே அங்கு கேள்வி. தொற்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவியிருக்கும். ஆனால் நலம் என்பது ஒவ்வொரு விலங்குக்கும் உரியது. அது தொற்றைப் போலப் பரவி, அறை முழுவதற்கும் பொதுவாவதில்லை. 25 பன்றிகளின் சராசரிக்குள் ஒரு பன்றியின் துன்பம் மறைந்துவிடும். மிகவும் துன்புறும் பன்றியே மாதிரிக்குள் வராமல் போகும் வாய்ப்பும் மிகுதி.

இந்த வரம்பு சட்ட நடைமுறையோடும் தொடர்புடையது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 ஜனவரி 1 முதல், சினையின் முதல் நான்கு வாரங்களும் ஈற்றுக்கு முந்தைய ஒரு வாரமும் நீங்கலாக, சினைப் பன்றிகளைக் குழுவாகவே வளர்க்க வேண்டும். திரும்ப முடியாத கூண்டு போயிற்று. ஆயினும் புதிய குழுவில் சேரும் பன்றிகள் தம்முள் சண்டையிட்டு உயர்வு தாழ்வை நிலைநாட்டும். அதில் தாழ்நிலைக்குத் தள்ளப்படும் பன்றியின் நிலையை அறையின் பொதுக் கயிறு சொல்லாது. தனித்தனியாக எடுத்த உமிழ்நீரும், உடலிலுள்ள கடிகாயங்களும், தீவனத்தொட்டியருகே அது நடந்துகொள்ளும் முறையும் சேர்ந்தே சொல்ல முடியும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவுடன் உருவாகி 2009இல் வெளியான ‘வெல்ஃபேர் குவாலிட்டி’ மதிப்பீட்டு நெறிகள், பன்றிகளின் காயம், நொண்டல், தூய்மை, நடத்தை, மனிதர் மீதான அச்சம் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தே மதிப்பிடுகின்றன. உமிழ்நீர்ச் சோதனை அவற்றில் இடம்பெறவில்லை. ஆய்வுக்கூடச் செலவு மட்டும் இதற்குக் காரணமன்று. எந்த அளவுக்கு மேல் இருந்தால் ‘நலமில்லை’ என்று கொள்ளலாம் என்பதற்கு எல்லாப் பண்ணைக்கும் பொதுவான ஒரு வரம்பை எளிதில் வகுக்க முடிவதில்லை. வயது, பாலினம், நேரம், அளக்கும் முறை ஆகிய ஒவ்வொன்றும் எண்ணை மாற்றுகின்றன.

இன்றைய நிலை

நோயைக் கண்டறிவதில் வாய்நீர் மாதிரி இன்று அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்கு மிகுதியாக வந்துசேரும் பன்றி மாதிரிகளுள் ஒன்றாகும். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இது பரவியுள்ளது. இரத்தம் எடுப்பதற்காகப் பிடிக்கப்பட்டு அலறும் பன்றிகளின் எண்ணிக்கையை அது குறைத்திருக்கிறது. நலத்தை அளக்கும் முறை என்பதற்கும் மேலாக, நலத்துக்கு அது நேரடியாகச் செய்த நன்மை இதுவே.

நலத்தின் அளவுகோலாக உமிழ்நீரைக் கொள்ளும்போது, ஒரே பொருளை அளப்பதைவிட, கார்ட்டிசோல், அமைலேஸ், அழற்சிப் புரதங்கள் எனப் பலவற்றை ஒன்றாக அளந்து படிக்கும் போக்கு வளர்ந்து வருகிறது. அவற்றையும் கொட்டிலுக்குள் சென்று விலங்கைப் பார்த்து எழுதும் குறிப்புகளோடு ஒப்பிட்டே முடிவு சொல்கிறார்கள். பன்றி தானே வந்து தந்த மாதிரி நம்பத்தக்கதுதான். எந்தப் பன்றி தந்தது, எப்போது தந்தது, எது தரவில்லை என்பனவும் உடன் பதிவு செய்யப்படும்போதே அதன் பொருள் முழுமை பெறுகிறது.